வாயால் இனிக் கொடுக்க வேண்டாம்

எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள், பேச்சு இல்லை, கைகள் தம் இஷ்டத்துக்குப் போகும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். குழையக் கடைந்த சோற்றை நாக்கின் நடுவில் வைத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த கரண்டி. மற்ற நேரங்களில் அவள் பார்வை எங்கெங்கோ அலையும். சாப்பிடும்போது மட்டும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் நேரம் என்றால் அதுதான்.

அதில்தான் டொக்டர் கை வைத்தார். போன மழைக் காலத்தில் இரண்டாவது தடவையாக நெஞ்சுச் சளியோடு பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர்.

"அம்மா, சாப்பாடு நெஞ்சுக்குள்ள போகுது. வயித்தில சின்னதா ஒரு குழாய் வைப்பம். வாயால இனிக் குடுக்க வேண்டாம். வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

வீட்டுக்குப் போகும் அம்பிட்டிய ஏற்றம் முழுக்க, த்ரீவீலுக்குள் மகளை மடியில் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் நெஞ்சில் காது வைப்பேன். கரகரப்புக் கேட்டால் பயம், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று பயம். பால் பொங்கி வழிந்துவிடும். என் கணவர், "ஒனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டு டவுனில் இருக்கும் புடவைக்கடைக்குப் போய்விட்டார். அவருடைய அக்கா, என் மதினி, வரும்போதெல்லாம் சொன்னதையே சொன்னார்.

"சுவர்க்கத்துப் புள்ள. அல்லாஹ் பாத்துக்குவான். வயித்துல ஓட்டை போடாதீங்க."

அல்லாஹ் பார்த்துக்கொள்வான், சரி. மத்தியானச் சாப்பாட்டை என்னிடம்தானே விட்டிருக்கிறான்?

இதற்குள் நோன்பு வந்தது. எனக்கு அந்த மாதத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. வருஷத்தில் அப்போதுதான் வீட்டில் எல்லோரும் அவள் சாப்பிடுவதைச் சாப்பிடுகிறோம். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, எல்லோருக்கும் ஒரே சட்டியில். அவளுடையதை மட்டும் கொஞ்சம் கடைந்தால் போதும். அன்று நோன்பு திறக்க மதினியும் வந்திருந்தார். பாங்கு சொன்னதும் எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். அவளுக்கு ஒரே குஷி. வாயில் கஞ்சியோடு சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. இருமவில்லை, சத்தமே இல்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். மதினி ஓதிக்கொண்டே அழுதார். கஞ்சி வெளியே வந்து, அவள் மூச்சை இழுத்து அழத் தொடங்கினாள்.

"இனி ஏலாது. நாளைக்கே டொக்டருக்கு ஃபோன் எடுங்க" என்றேன்.

என் கணவர் தலையை ஆட்டினார். மதினி தரையில் கொட்டியதைத் துடைத்தார்.

பெருநாள் கழிந்து குழாய் வைத்தார்கள். இப்போது சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் சாப்பாடு தானாக இறங்கிவிடுகிறது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது, தூக்கினால் என் இடுப்பு முறிகிறது. இந்த மழைக்கு நெஞ்சுச் சளி வரவில்லை. டொக்டர் சொன்னது சரிதான், அதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரியை அடுக்குகிறேன், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குகிறேன்.

ஒன்றை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அறைக்குள் போனால் அவள் வாயைத் திறக்கிறாள். முதல் நாள், பசியாக்கும் என்று நினைத்து, பார்க்க முடியாமல் குசினிக்குப் போய் அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு கவனித்தேன். வயிறு நிறையக் கொடுத்து முடித்த கையோடு திரும்பி வந்தாலும் திறக்கிறாள். வாப்பாவுக்குத் திறப்பதில்லை. மதினிக்கும் இல்லை. என்னைக் கண்டால் மட்டும்தான்.

இப்போதெல்லாம் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நானும் அவளைப் பார்த்து வாயைத் திறந்து காட்டுகிறேன். அவள் சிரிக்கிறாள். வாயில்தான் ஒன்றும் இல்லையே, எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.