முன்சக்கரப் பயிற்சி

பினாங்குக்குச் சைக்கிளில் போவது என்று முடிவெடுத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன், எழுத்தர் வேலை. எதையும் படிவரிசையாக எழுதி வைக்காமல் நான் செய்ததில்லை. பங்க்சர் ஒட்டவும் பத்துப் படிகள் எழுதினேன். மாலைதோறும் சக்கரத்தைக் கழற்றி, டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி தேடி, ஒட்டி, திரும்ப மாட்டினேன். ஒரு மாதத்தில் பதினெட்டு நிமிடத்துக்கு வந்துவிட்டேன். எல்லாம் முன்சக்கரத்தில்தான். பின்சக்கரத்தில் செயின் இருக்கிறது. செயினில் கிரீஸ் இருக்கிறது. எனக்கோ வெள்ளைக் கால்சட்டையும், கறை பட்டால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத டோபியும்.

கூட வருவதாக இருந்தவர் என் பக்கத்து மேசைக்காரர், யாழ்ப்பாணத்தவர். விடுப்பு விண்ணப்பப் பாரத்தை நிரப்பி, கையெழுத்துப் போடாமல் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"முதல்ல கிள்ளானுக்குப் போய் வருவம், ஐசே. மிதிக்க ஏலாம ரயிலில திரும்பினா இதைக் கிழிச்சுப் போடுவன்."

தனியாகப் போகும் துணிச்சல் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஞாயிறு காலை கிளம்பினோம். சுங்கை வே தாண்டி, ரப்பர் தோட்டத்து ஓரத்தில் என் வண்டி தடதடத்தது. பின்சக்கரம்.

முதல் படி: சக்கரத்தைக் கழற்றுக. நட்டைத் தளர்த்தினேன். மட்கார்டு கம்பி கழன்றது, கேரியர் தொங்கியது, செயின் மட்டும் பல்சக்கரத்தை விடவில்லை. அரை மணி நேரம் போயிற்று. நண்பர் நிழலில் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உம்மட பத்துப் படியில பின் சில்லு இல்லையோ?"

தோட்டத்துப் பெண் ஒருத்தி தண்ணீர் வாளியோடு நின்று பார்த்தாள்.

"ஏங்க கிராணி, சக்கரத்த எதுக்குக் கழட்டுறீங்க?" எழுத்தர் என்றால் தோட்டத்தில் கிராணிதான், எங்கள் கால்சட்டையே சொல்லியிருக்கும். "எங்க வீட்டுக்காரரு வண்டியக் கவுத்துப் போட்டு டியூப்ப மட்டும் ஒரு பக்கமா இழுத்துருவாரு. இந்தாங்க, இதுல முக்கிப் பாருங்க. குடிக்கிற தண்ணி இல்ல."

நட்டுகளை மறுபடி முடுக்கினேன். டயரின் ஓரத்தை நெம்பி டியூப்பை இழுத்தேன். முழங்கை வரை கிரீஸ். குமிழி உடனே வந்தது.

"பதினோராவது படியா அந்த அக்காவை எழுதும்" என்றார் நண்பர்.

கிள்ளான் ஸ்டேஷன் எதிரே தேநீர் குடித்தோம். கோலாலம்பூர் ரயில் புறப்படத் தயாராக நின்றது. இருவரிடமும் பாஸ் இருந்தது. என் தொடைகள் இரண்டும் மரக்கட்டையாகியிருந்தன.

"ஏறுவமோ?" என்றார்.

"நீங்க ஏறுங்க. நான் மிதிச்சு வரேன்."

அவர் ஏறவில்லை. பொழுது சாயும் முன் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தோம். என் சைக்கிள் சீட்டின்மேல் பாரத்தை விரித்து அங்கேயே கையெழுத்திட்டு நீட்டினார். வாங்கியதும் ஓரத்தில் என் கட்டைவிரல் கரேலென்று பதிந்தது.

கறைபட்ட பாரங்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. எத்தனையோ பேரை மறுபடி எழுத வைத்திருக்கிறேன். இதை மட்டும் அப்படியே தலைமை எழுத்தரின் மேசையில் வைத்தேன். இன்னொன்று நிரப்பச் சொன்னால், நண்பர் மறுபடி யோசிக்கத் தொடங்கிவிடுவார்.