கேடயத்துக்குக் கை நீட்டாதவர்

குவைத்தில் மருத்துவ மாநாட்டில் யார் பேசுவது என்பது பெரும்பாலும் திவானியாவில்தான் முடிவாகும். ஆண்கள் மட்டும் கூடித் தேநீர் குடிக்கும் அந்தக் கூடத்துக்கு மயக்க மருந்து நிபுணர் டாக்டர் சபீகா போக முடியாது. அதனால் வருடாவருடம் அவர் பெயர் கடைசியில் வரும், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். அதற்குள் மற்றவர்கள் நன்றி சொல்லியே அவர் நேரத்தையும் தின்றிருப்பார்கள்.

அவருடைய ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸ். உயரம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு சிசேரியனின்போது முதுகில் ஊசியாகப் போடும் மரப்பு மருந்தைக் குறைத்தால் ரத்த அழுத்தம் அவ்வளவாக விழுவதில்லை என்று பல வருடம் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். இந்த வருட மாநாட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு, மருந்தளவை வகுக்கும் கமிட்டி எல்லாருக்கும் ஒரே அளவு என்று முடிவுசெய்ய இருந்தது. அதற்குமுன் அவர் பேசியாக வேண்டும்.

அவர் பேச்சுக்கான படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போடும் வேலை எனக்கு. மேடையில் தலைவர் டாக்டர் அப்துல் முஹ்சின். எங்கள் துறைக்கும் அவரே தலைவர். என் ஒப்பந்தம் நீள்வது அவர் கையெழுத்தில்தான்.

மச்பூஸ் சோற்றின் வாசனை கதவைத் தாண்டி வந்துவிட்டது. தலைவர் மைக்கில் குனிந்தார்.

“நேரமாச்சு. உம்மு மிஷாரி நம்ம சகோதரி, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கட்டுரைய வாசிச்சதா வச்சுக்குவோம். வாங்கம்மா, கேடயத்த வாங்கிக்கங்க.”

காலையிலிருந்து எல்லாரையும் டாக்டர் என்றவர், இவரை மட்டும் மகன் பெயரைச் சொல்லி மிஷாரியின் அம்மா என்றார். கேடயம் வாங்கிப் படமும் எடுத்துவிட்டால் கூட்டம் எழுந்துவிடும். பிறகு பேச்சு ஏது?

சபீகா மேடை ஏறினார். தலைவர் கேடயத்தை நீட்டினார். சபீகா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பேசினவங்களுக்குத்தானே கேடயம், டாக்டர்? நான் இன்னும் பேசலையே.”

“சாப்பாடு ஆறுதும்மா.”

“என்கிட்ட வர்றவங்க எல்லாம் பட்டினியாத்தான் வந்து படுக்கிறாங்க. நீங்களும் கொஞ்ச நேரம் இருங்களேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, திரையை அணை என்று விரலசைத்தார். என் விரல் பொத்தான்மேல் இருந்தது. ஒப்பந்தம் போய் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டிவருமோ என்றுகூட நினைத்தேன்.

“முதல் படம்,” என்றார் சபீகா, தியேட்டரில் ஊசி கேட்கும் குரலில். அந்தக் குரலுக்குப் பழகிய கை யோசிக்கவில்லை. படம் விழுந்தது.

அவர் நன்றி எதுவும் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனார். சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள் பாதி நின்று, பாதி உட்கார்ந்து கேட்டார்கள். தலைவர் கேடயத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் பக்கத்திலேயே நின்றார்.

கமிட்டியின் மூத்தவர் எழுந்தார். “மருந்து பத்தாம வலி தெரிஞ்சவங்க உண்டா?”

“உண்டு. அடுத்த படத்துல அவங்கதான்,” என்றார் சபீகா. அதையும் மறைக்காமல் காட்டினார்.

“சாப்பிட்டுட்டு எங்க அறைக்கு வாங்க, டாக்டர். இத அங்கயும் சொல்லணும்,” என்றார் மூத்தவர்.

அதன் பிறகுதான் சபீகா கேடயத்துக்குக் கை நீட்டினார். கொடுக்கும்போது தலைவர் மெதுவாகச் சொன்னார்: “அடுத்த வருஷம் பட்டியல்ல பேர் இருக்கும்னு நெனைக்காதீங்க.”

“அது உங்க திவானியா பாடு,” என்றார் சபீகா.

சாப்பிடக்கூட உட்காரவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு கமிட்டி அறைக்கு நடந்தார். அங்கே மேசையில் வைத்த தாள்கள் ஏசி காற்றில் பறந்தன. கேடயத்தைத் தூக்கி அவற்றின்மேல் வைத்துவிட்டு, கமிட்டி வந்து உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார்.