ஆட்டம் முடியட்டும் என்று நினைத்தேன்

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு நவம்பர் மாதம், போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருந்த ஒரு பெரிய கூடத்தில் நடந்தது இது. அப்போது நான் கார் நிக்கோபாரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மெயின்லேண்டிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் ஆனால் கேரம் போர்டுதான் எனக்குப் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம்.

தீவுகளில் வேலை பார்க்கும் ஊழியர்களுக்காக வருடத்துக்கு ஒரு முறை ஐந்து நாள் விளையாட்டுக் கூட்டம் நடக்கும். கேரம், செஸ், சீட்டு, டேபிள் டென்னிஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழே. மாயாபந்தர், ரங்கத், ஹட் பே என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் கப்பலில் வந்து இறங்குவார்கள். பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நம்மவர்கள் என்று கூடம் கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் சேர்ந்து இந்தியில் சத்தம் போடுவார்கள். நான் அதற்கு முன் ஆடியதெல்லாம் ஆபீஸ் வராந்தாவில், எட்டுப் பேர் வேடிக்கை பார்க்க. முதல் நாள் வாசலில் நின்றபோது எனக்குக் கால் நகரவில்லை.

பிற்காலத்தில் பல வருடம் அந்தக் கூட்டத்தை நடத்தும் மேசையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை வருகிறவர்கள் வந்து யோசனை கேட்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், உள்ளே நுழைந்துவிட்டால் டீயைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வராது என்பேன். உங்கள் ஸ்ட்ரைக்கரை நீங்களே கொண்டு வாருங்கள். மைக்கில் சொல்வதை நம்பி உட்காராதீர்கள், அந்தச் சத்தத்தில் உங்கள் பெயர் உங்களுக்கே கேட்காது. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போய்க் கண்ணால் பாருங்கள். கூட வந்தவரைத் தவறவிட்டால் எந்த இடத்தில் சந்திப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். வந்த அன்றே கண்ட போர்டிலும் கையை வைத்துத் தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. எங்கள் கார் நிக்கோபார் போர்டு கடல் ஈரத்தில் ஊறி மந்தமாகிக் கிடக்கும், ஓங்கி அடித்தால்தான் காய் நகரும். இங்கே போர்டுக்கு மேலே பல்பைத் தொங்கவிட்டு, பவுடர் போட்டு, வழவழவென்று வைத்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் நான் அடித்த அடியில் ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டிப் போய் நடுவர் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் சொல்கிற நான், கேட்கிறவர்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி, எங்கள் அலுவலக ஸ்டோரில் வேலை பார்த்த நண்பன். என் வயதுதான். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தீவிலேயே இருப்பது. வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் வாக்கியத்துக்கு ஒரு இந்தி வார்த்தை வந்துவிடும். கப்பலை ஜஹாஸ் என்றுதான் சொல்வான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர், இந்தியில் சகோதரனைக் கூப்பிடுகிற மாதிரி, பாய் என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவன் மனைவியும், வயதான அப்பாவும் கார் நிக்கோபார் குவார்ட்டர்ஸில் அவனோடு இருந்தார்கள். அப்பாவுக்கு அவன் ஒரே பிள்ளை. நாங்கள் கிளம்பும்போது பெரியவருக்கு லேசாக இருமல் இருந்தது. அவ்வளவுதான்.

போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் அவனுடைய அத்தை வீட்டில் தங்கினோம். முதல் நாள் உதறிக்கொண்டிருந்த நான் மூன்றாம் நாள் புலியாகிவிட்டேன். நான்காம் நாள் மாலை இரட்டையர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கார் நிக்கோபாரிலிருந்து வந்த ஜோடி அதுவரை இறுதிக்கு வந்ததே இல்லையாம். அன்றைக்கு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

தீவில் எங்களுக்கு எல்லாக் கணக்கும் கப்பல் கணக்குதான். கல்யாணம், காய்கறி, கடிதம், லீவு, எல்லாமே அடுத்த கப்பலை வைத்து முடிவாகும். எங்கள் கப்பல் ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கு. அதை விட்டால் அடுத்தது இரண்டு வாரத்துக்கு மேல். நேரம் மாறினால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். தினமும் காலையில் கப்பல் ஆபீஸ் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது தீவுக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கம். நான்கு நாளும் அவன் போய்ப் பார்த்தான். ஐந்தாம் நாள் காலை, இறுதி ஆட்டத்துக்குப் பழக வேண்டும் என்று நான்தான் அவனை நேராகக் கூடத்துக்கு இழுத்து வந்தேன்.

பதினோரு மணி இருக்கும். நண்பன் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போயிருந்தான். ஒரு பியூன் கையில் காகிதத்தோடு, "கார் நிக்கோபார் வாலா கோன் ஹை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கார் நிக்கோபார்க்காரன் நான்தான் என்று கையைத் தூக்கினேன். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எங்கள் அலுவலகத்திலிருந்து வயர்லெஸில் வந்த செய்தி. உறை இல்லை, இரண்டாக மடித்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். நண்பனின் அப்பா மிகவும் மோசமாக இருக்கிறார், உடனே புறப்படவும் என்று இருந்தது.

இறுதி ஆட்டம் பன்னிரண்டரைக்கு. நான் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கப்பல் நாளைக் காலைதான். இப்போது சொன்னாலும் அதே கப்பல், ஆட்டம் முடிந்து சொன்னாலும் அதே கப்பல். இப்போது சொன்னால் மனசு உடைந்துபோவான், ஆட்டமும் போகும். அப்புறம் சொன்னால் ஒரு கோப்பையாவது கையில் இருக்கும். அவன் நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்கு அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன பாய், பேயடிச்ச மாதிரி நிக்கறே?" என்றான். பயமாக இருக்கிறது என்றேன். அவன் என் முதுகில் தட்டி, "டர் மத், பயப்படாத. நான் இருக்கேன்ல" என்றான்.

ஜெயித்தோம். கடைசி போர்டில் ராணியைப் போட்டது அவன்தான். கூடமே எழுந்து நின்று கை தட்டியது. கோப்பையை வாங்கியதும் அவன் அதை என் கையில் கொடுக்காமல் தன் துண்டில் சுற்றினான். "பாபா நம்ப மாட்டாரு பாய். நேர்ல காட்டினாத்தான் நம்புவாரு" என்றான். அவன் அப்பாவை பாபா என்றுதான் சொல்வான்.

அப்போது மணி இரண்டு. வெளியே கூட்டிப்போய்க் காகிதத்தைக் கொடுத்தேன். படித்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. எப்போது வந்தது என்று கேட்டான். "இப்பத்தான் பாய்" என்றேன். அவன் மேட்டிலிருந்து இறங்கி ஓட ஆரம்பித்தான். நானும் பின்னால் ஓடினேன். இப்போது எங்கே ஓடுகிறான், கப்பல் நாளைக்குத்தானே என்று அப்போதும் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் போனது கப்பல் ஆபீசுக்கு. கவுன்ட்டரில் இருந்த பெங்காலி எழுத்தர் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். கடலில் காற்று கிளம்பப் போகிறது என்று தகவல் வந்ததாம். கார் நிக்கோபாரில் ஜெட்டி கிடையாது, படகில்தான் ஆட்களை இறக்க வேண்டும். அதனால் காற்றுக்கு முன்னால் போய்ச் சேரட்டும் என்று கப்பலைப் பகல் ஒரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கே பலகையில் எழுதிப்போட்டாயிற்று. "ஜஹாஸ் தோ சலா கயா" என்றார். போய்விட்டது என்பதற்கு அவர் கையையும் கடல் பக்கம் காட்டினார்.

நண்பன் கடலைப் பார்க்கவில்லை. கையில் இருந்த காகிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். 

கப்பல் போன மூன்றாம் நாள் இரண்டாவது செய்தி வந்தது. பெரியவர் போய்விட்டார். எங்கள் தீவுகளின் வெயிலில் உடலை எத்தனை மணி நேரம் வைத்திருக்க முடியும்? பக்கத்து குவார்ட்டர்ஸ் மலையாளி ஒருவர் மகன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தார் என்று பின்னால் தெரிந்தது. ஒரே பிள்ளை உயிரோடு இருக்க, அப்பா வேறொருவர் கையால் எரிந்தார்.

நண்பன் மின்னி பே கடற்கரையில் தலையை மழித்துக்கொண்டு முழுகினான். அத்தையின் கணவர் துணைக்கு நின்றார். நான் கரையில் அவன் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். கோப்பையைச் சுற்றிய அதே துண்டு. அவன் நனைந்து மேலே வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. செய்தி பதினோரு மணிக்கே வந்துவிட்டது, நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

"தெரியும் பாய்" என்றான்.

எப்படி என்று கேட்டேன். காகிதத்தின் மூலையில், செய்தியைக் கையில் கொடுத்த நேரம் என்ற இடத்தில், பதினொன்று ஐந்து என்று பியூன் பென்சிலில் எழுதியிருந்தாராம். நான் டைப்பிஸ்ட். நேரம் குறிக்காத காகிதம் எந்த ஆபீசிலும் கிடையாது என்று என்னை விட யாருக்குத் தெரியும்? அவசரத்தில் அது என் கண்ணில் படவே இல்லை. கவுன்ட்டரில் நின்ற அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மூன்று நாள் என்னோடு ஒரே பாயில் படுத்திருக்கிறான்.

கப்பல் நாளைக்குத்தானே என்று நினைத்துவிட்டேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். ஆனா போய்ப் பார்த்திருப்பேன்" என்றான். தலையைத் துடைத்தான். அப்புறம், கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "அந்த மூணு மணி நேரம் என்னோடது பாய். அத நீ எடுத்துக்கிட்டே."

பதினாறு நாள் கழித்துத்தான் கப்பல் கிடைத்தது. கார் நிக்கோபாரில் இறங்கியதும் அவன் மனைவி சொன்னதைக் கேட்டேன். முந்தின கப்பல் வந்த அன்று, பெரியவருக்கு நல்ல நினைவு இருந்ததாம். கப்பல் வந்துவிட்டது, உங்கள் பிள்ளை வந்துகொண்டே இருப்பார் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண் கடற்கரைக்கு ஓடிப் போய் நின்றிருக்கிறாள். ஒவ்வொரு படகாகப் பார்த்திருக்கிறாள். கடைசிப் படகும் காலியான பிறகு, வீட்டுக்குத் திரும்பிப் போய் அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். பெரியவர் அதற்கு மறுநாள் காலையில்தான் போனார். ஒரு முழு நாள் மகனோடு இருந்திருக்கலாம்.

நண்பன் என்னோடு சண்டை போடவில்லை. ஆபீசில் பேசுவான், டீ வாங்கித் தருவான், நான் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்தான். நான் செய்ததை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்று அவள் என்னிடம் பழகிய விதத்திலேயே தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஜோடியாக ஆட நான் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. சில வருடத்தில் அவனுக்கு மாற்றல் வந்து போய்விட்டான். கோப்பை ஆபீஸ் அலமாரியில் துருப்பிடித்தது.

எனக்கும் பிறகு போர்ட் பிளேருக்கு மாற்றலானது, விளையாட்டுக் கூட்டத்தின் பொறுப்பும் வந்தது. மேசையில் உட்கார்ந்த முதல் வருடமே ஒரு விதி போட்டேன். யாருக்காவது செய்தி வந்தால் ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் நிறுத்தி, அப்போதே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். காய்கள் போர்டில் அப்படியே இருக்கட்டும். பலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு முறை ரங்கத்திலிருந்து வந்தவர் அரையிறுதியில் கடைசிக் காயை அடிக்கக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் போர்டின் குறுக்கே கையை வைத்துச் செய்தியை நீட்டினேன். அவர் வெளிறிப்போய்ப் பிரித்தார். வரும்போது ஸ்டவ் திரி வாங்கி வரவும் என்று அவர் மனைவி சொல்லியனுப்பியிருந்தார். சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார், அடுத்த அடியைக் கோட்டையும் விட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. படித்துவிட்டுச் சிரிப்பதோ, எழுந்து ஓடுவதோ, உட்கார்ந்து ஆட்டத்தை முடிப்பதோ அவருடைய இஷ்டம். அந்த இஷ்டத்தை என் நண்பனுக்குக் கொடுக்காமல் போனேனே என்ற எண்ணம், இத்தனை வருடம் கழித்தும், யாருக்காவது ஒரு கடிதத்தை நீட்டும்போதெல்லாம் எனக்கு வந்துவிடுகிறது.