திரையில் இரண்டு கீறல்

மாமியார் அவளுக்கு வைத்த பெயர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாளாம். மருமகள் காதுபடவே சொல்வார். மருமகளும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள். மெஷின்களுக்குத் தொடுதிரை வடிவமைக்கிறவளுக்கு அந்தப் பிடி இல்லாமல் காலம் தள்ள முடியாது. எந்தப் பட்டன் எங்கே, எவ்வளவு பெரிதாக என்று ஒவ்வொன்றுக்கும் முதலாளியோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

அப்படிப் போராடிச் செய்த திரை ஒன்றில்தான் இப்போது கீறல். சுவருக்குப் பூசும் வெள்ளைத் தூளை மூட்டையில் நிரப்பும் மெஷின் அது. ‘நிரப்பு’ பட்டனுக்குச் சற்று மேலே, பக்கம் பக்கமாக இரண்டு கீறல்கள், நடுவில் ஒரு விரிசல். மூத்த ஆபரேட்டர் வேண்டுமென்றே ஸ்பேனரால் தட்டுகிறார் என்று தொழிற்சாலை மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். பழைய மெஷினில் முழங்காலால் தள்ளும் லிவர் இருந்தது. அது போனதிலிருந்து அந்த மனிதர் முணுமுணுத்தபடி இருந்தது ஊருக்கே தெரியும். திரையில் குறை இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டால் போதும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுடைய முதலாளியும் போனில் அதைத்தான் சொன்னார். குறை திரையில் என்றால் விற்ற மெஷின் அத்தனைக்கும் மாற்றித் தரவேண்டுமே.

கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கலாம். உடும்பாயிற்றே, முடியுமா?

தொழிற்சாலைக்கே போய் மூத்தவரைக் கேட்டாள். கல்லுளிமங்கன் போல நின்றார். மற்றவர்கள் அவள் முன்னால் அழகாக வேலை செய்தார்கள்: ஒருவர் மூட்டையைப் பிடிக்க, பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து பட்டனைத் தொட்டார். எப்போதுமே இப்படித்தானா என்றாள். ஆமாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரே குரல்தான் அவளுக்கு உறுத்தியது.

யாரும் கிட்டே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே ஒரு மூட்டையைப் பிடித்தாள். மூட்டையின் வாயை இரண்டு கையாலும் குழாயில் இழுத்துப் பிடிக்கவேண்டும். ஒரு கையை எடுத்தால் சரிந்துவிடும். பட்டனோ முகத்துக்கு நேரே. முழங்கை எட்டவில்லை. யோசிப்பதற்குள் தலை தானே குனிந்தது, மூக்கு பட்டனில் அழுந்தியது. தூள் இறங்கியது. பின்னால் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். திரும்பிப் பார்த்தாள். மூத்தவரின் மூக்குக்கண்ணாடி நடுவில் உடைந்து, நூலால் கட்டப்பட்டிருந்தது.

தனியே அழைத்துப் போனதும் அவர் வாய் திறந்தார்.

“எல்லாருக்கும் மூக்குதான்மா. கண்ணாடி போட்டவன் நான் ஒருத்தன், அதான் கீறுது. உடைச்சேன்னு அனுப்பினா போயிடறேன். மூக்கால வேலை பார்த்தேன்னு மருமகன் காதுல விழுந்தா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிப்பேன்?”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்காகவா ஒரு மனிதர் வேலையை விடுவார்?

“உங்க பேச்சை எடுக்கமாட்டேன். எனக்கும் மூக்கு இருக்கு.”

மேனேஜரை வரவழைத்தாள். முதலாளியை வீடியோ காலில் பிடித்துப் போனை மெஷின்மேல் சாய்த்து வைத்தாள். மூட்டையைப் பிடித்தாள், குனிந்தாள், மூக்கால் அழுத்தினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. வெள்ளை மூக்கைத் துடைக்காமல் நின்றாள்.

“சிரிச்சு முடிங்க. இந்தப் பட்டனை இங்க வெச்சது நான். ரெண்டு கையும் மூட்டையில இருக்கறப்ப எதால தொடுவாங்கன்னு நான் யோசிக்கல. திரையைக் கீழ இறக்கணும். மூட்டை மாட்டியிருக்கறப்ப திரை முழுசும் ஒரே பட்டனா இருக்கணும். முழங்கை எங்க பட்டாலும் போதும்.”

மேனேஜர் லேசுப்பட்டவர் இல்லை. மூக்கு சரி, மூக்கு எப்படித் திரையைக் கீறும் என்று கேட்டார். அவளுக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

மூத்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு மூட்டையை எடுத்து மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, எல்லார் முன்னாலும் குனிந்தார். மூக்குக்கண்ணாடி திரையில் டக்கென்று மோதியது, சரியாக அந்தக் கீறல்களின்மேல்.

மேனேஜர் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

“பார்க்கறேன் சார்,” என்றார் மூத்தவர். “என் மருமகன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”