காப்புக்கு முந்திப் பிறந்தவள்

கால்கரியில் என் மகள் கயல் படிக்கும் பாலர் வகுப்புச் சுவரில் பெரிய நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாள் கட்டத்திலும் ஒரு கேக் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பள்ளி திறந்த வாரம் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்தார். கயல் தனக்கு இரண்டு பிறந்தநாள் என்கிறாளாம். குரலைத் தாழ்த்தி, "தத்தெடுத்த குழந்தையா? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம்" என்றார். இல்லை, அவள் இங்கே பிறந்தபோது எங்கள் ஊரில் மறுநாள் ஆகிவிட்டது என்றேன். உலகத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தானே என்று சிரித்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எங்கள் பங்காளிகள் அறுபது வீட்டாரும் அந்த மறுநாளிலிருந்து விரல்விட்டு எண்ணினார்கள் என்பதை ஆங்கிலத்தில் எங்கிருந்து தொடங்குவது?

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் வருடந்தோறும் மாசியில் பங்காளிகள் கூடிப் படைப்புப் போடுவோம். கீரமங்கலத்தில் பூ விவசாயம் பார்ப்பவர், திருப்பூரில் கடை வைத்திருப்பவர், குவைத்தில் வண்டி ஓட்டுபவர் எல்லாரும் அன்றைக்கு ஒரே பந்தி. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அத்தனை வீட்டுக்கும் பதினாறு நாள் தீட்டு. கோயிலை மிதிக்கக் கூடாது. பூசாரி காப்புக் கட்டியபின் பிறந்தால் மட்டும் தீட்டு இல்லை. சட்டம் போடும்போதே ஓட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மாசி. புதன் காலை ஒன்பது மணிக்குக் காப்புக் கட்டு, வெள்ளிக்கிழமை படைப்பு என்று முடிவாகியிருந்தது. பங்குனியில் பிறக்கவேண்டிய கயல் அவசரப்பட்டுவிட்டாள். கால்கரியில் செவ்வாய் மாலை ஆறு மணி. ஊரில் புதன் காலை ஆறரை. மருத்துவமனை வராந்தாவில் நின்று முதலில் ராசுவுக்குத்தான் போன் செய்தேன். ராசு என் சித்தப்பா மகன். இந்த நாட்டில் அவன் கசின், எனக்குத் தம்பி. மூன்று வருடம் கழித்து, இந்தப் படைப்புக்கென்றே குவைத்திலிருந்து லீவு வாங்கி வந்திருந்தான். திங்கட்கிழமை திரும்பியாக வேண்டும்.

"பொம்பளப் புள்ளையாண்ணே? மதினி நல்லா இருக்காங்களா?" என்றவன் மணியைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "அண்ணே, ஒம்போது மணிக்குக் காப்பு. அதுக்கு மேல பொறந்ததாச் சொல்லிக்கலாம். அந்தூரு மணி இங்கிட்டு யாருக்குத் தெரியும்?" என்றான்.

சரி என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. இத்தனை கடலைத் தாண்டியா தீட்டு வரப்போகிறது? பந்தல் போட்டாயிற்று, வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கியாயிற்று, ராசுவின் லீவு முடியப்போகிறது. இரண்டரை மணி நேரம் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டால் போதும்.

ஊரில் எட்டரை ஆனபோது ராசுவே கூப்பிட்டான்.

"சொல்லிட்டேண்ணே. இன்னைக்குக் காப்பு இல்ல."

"ஏண்டா?"

"ஒங்கண்ணன் வீட்டுல என்னடா சேதின்னு பெரியப்பா கேட்டாரு. இன்னும் பொறக்கலேன்னு சொல்ல வாய் வரலண்ணே. பொறந்து மூச்சு விடுற பிள்ளையப் போயி இல்லேன்னு எப்படிச் சொல்றது? தீட்டு நம்மள வந்து சேரலேன்னா அப்பறம் அது யாரு வீட்டுப் பிள்ளை?"

போனைப் பெரியப்பா வாங்கினார். கோயில் காரியங்களை முன்நின்று நடத்துபவர் அவர்தான். "பதினாறு நாள்தானப்பா? மூணு வெள்ளி தள்ளி வச்சுக்குவோம். நீ பிள்ளையப் பாரு. இந்தப் பயதான் பாவம், பொங்கச்சோறு திங்காமப் போறான்" என்றார்.

நான் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்த நர்ஸ் என்னவென்று கேட்டார். குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஊரில் திருவிழாவை நிறுத்திவிட்டார்கள் என்றேன். "பெண் குழந்தை என்பதாலா?" என்று கேட்டு வருத்தத்துடன் என் தோளைத் தொட்டார். இல்லவே இல்லை என்று பதறினேன். தீட்டு என்பதை அழுக்கு என்று சொல்லாமல் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஆட்களுக்கு நன்றி சொல்லவே அழுகிறேன் என்பதையும் அவருக்கு விளங்கவைக்க முடியவில்லை.

போன மாசியில்தான் கயலை முதன்முதலாகப் படைப்புக்குக் கூட்டிப்போனோம். இவளைத் தெரியுமா என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "காப்ப நிறுத்துனவ இவதானா?" என்று ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். நம்ம கணக்குக்கு நீ புதன்கிழமை பொறந்தவ என்று பெரியப்பா அவளிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார். கால்கரியில் மாடிவீட்டுக்காரர் பெயர்கூட அறியாத பிள்ளை, பார்த்திராத அறுபது வீட்டாருக்கு எப்படித் தன்னைத் தெரிந்தது என்று என்னைத் துளைத்தெடுத்தாள். ராசுவுக்கு அந்த வருடமும் லீவு கிடைக்கவில்லை. பந்தி நடக்கும்போது வீடியோவில் வந்தான். கயல் தன் இலையிலிருந்து ஒரு வாய்ப் பொங்கலை எடுத்துப் போனுக்கு நேரே நீட்டினாள்.

"ஒன்னாலதான் சித்தப்பாவுக்கு அன்னைக்குக் கெடைக்கல. இப்பவாச்சும் குடுத்தியே" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இதில் கால்வாசியைத்தான் ஆசிரியையிடம் சொல்ல முடிந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீயே ஒட்டிக்கொள் என்று ஸ்டிக்கரைக் கயலிடம் கொடுத்தார். அவள் ஸ்டூலில் ஏறி, பிப்ரவரித் தாளில் அடுத்தடுத்து இருந்த அந்த இரண்டு கட்டங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு நடுவிலிருந்த கோட்டின்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.