நர்ஸம்மாவின் மூன்று கத்திகள்

சேலைக்குப் பாக்கெட் கிடையாது. மடக்குக் கத்தி வாங்கப் போகிற பெண் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆண்களுக்குச் சட்டையில் ஒன்று, கால்சட்டையில் மூன்று என்று பைகள் தைத்துக் கொடுக்கிறார்கள். அவ்வளவு பையிலும் சேர்த்து அவர்கள் வைத்திருப்பது ஒரு சீப்பும் பழைய பஸ் டிக்கெட்டும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில் கிராம நர்ஸ். வயது இருபத்து நான்கு, கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் கீழே சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி மலைக்கு வருவார், ஞாயிறு மாலை இறங்கிப் போவார். வரும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு மாற்றல் மனு இருக்கும். எனக்குச் சேலம் பக்கம் மாற்றல் கேட்டு அவரே எழுதியது, முத்து முத்தான கையெழுத்தில். நான் அடியில் என் பெயரைப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

நான் போடவில்லை. காரணத்தை அன்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கீழே நான் அந்த வீட்டு மருமகள். காலையில் பாத்திரம், மாலையில் பாத்திரம், நடுவில் மாமியாரின் முழங்கால் வலிக்குத் தைலம். மேலே நான் நர்ஸம்மா. காலை எட்டு மணிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பித் தோட்டங்களுக்குள் நுழைந்தால், ஊர் ஊராக நடந்து, சாயங்காலம் திரும்பும்வரை எங்கே போனாய் என்று கேட்க ஆள் கிடையாது. அந்த நடை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. புருஷனையும் பிடித்திருந்தது. சிக்கலே அதுதான்.

மனுவுக்கு அவர் சொன்ன காரணம் பாதுகாப்பு. "கரடியூருன்னு பேரே வெச்சிருக்காங்க. அங்கே நீ தனியா நடக்கறே" என்பார். அந்த ஊரில் கரடியைப் பார்த்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை என்று சொன்னால், பார்த்தவன் உயிரோடு இருந்தால்தானே சொல்லுவான் என்று பதில் வரும். கிளார்க்குகளுடன் வாதாடி ஜெயிக்க முடியாது. கடைசியில் அவரே ஒரு படி இறங்கினார். "சரி, ஒரு கத்தியாவது வெச்சுக்க."

கத்தி எனக்கும் தேவையாகத்தான் இருந்தது, ஆனால் கரடிக்கு அல்ல. மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பழத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆரஞ்சு, கொய்யா, பலாச்சுளை, வெண்ணெய்ப் பழம். அதை நறுக்க அவர்களிடம் இருப்பது கொடுவாள் ஒன்றுதான். மிளகுக்கொடிக்கு வெயிலை மறைக்கிற கிளையைத் தறிக்கும் அதே கொடுவாளால், இடுப்பிலிருந்து உருவி, வேட்டியில் ஒரு துடை துடைத்து, எனக்குக் கொய்யாப்பழம் வெட்டித் தருவார்கள். கிருமியைப் பற்றிப் பாடம் நடத்தப் போனவள் அதையும் சிரித்துக்கொண்டே தின்ன வேண்டும். இதுபோக, வழியில் காலில் குத்தும் முள், தடுப்பூசிப் பெட்டியைக் கட்டியிருக்கும் சணல், பாதையை மறிக்கும் உண்ணிச்செடி. அரசாங்கம் கொடுத்த கத்தரி, கொதிக்கவைத்த பிரசவச் சாமான்களோடு மூடி இருக்கும். அதை எடுத்துச் சணல் வெட்டினால் பாவம் சும்மா விடாது.

முதல் கத்தியைக் கோயில் திருவிழாக் கடையில் வாங்கினேன். மீன் வடிவத்தில் பிளாஸ்டிக் பிடி, கண்ணுக்குச் சிவப்புப் பொட்டு. பார்க்க நொம்ப லட்சணம். இரண்டாம் வாரம் பலாக்காம்பில் வைத்து அழுத்தினேன், பிடி கையிலும் அலகு பலாவிலுமாகப் பிரிந்து போயின. மீனை மட்டும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர் கணவர். அது பட்டன் கத்தி. சினிமாவில் ரவுடி பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அமுக்க, அலகு டடக்கென்று பாயுமே, அதே சாதி. நீளம் ஒரு சாண். "இதைக் காட்டினாலே போதும், ஓடிருவான்" என்றார். ஓடினான் என்பது உண்மை. ஆனால் ஓடியது திருடனும் இல்லை, கரடியும் இல்லை.

மேல்புறத்துக் குடியிருப்பில் ஆறு பிள்ளைகள் பெற்ற ஒரு காப்பி விவசாயி இருந்தார். அவர் மனைவி அடுத்ததைத் தாங்கமாட்டாள், ரத்தமே இல்லாத உடம்பு. ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனுக்கு அவரை எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்று நான் மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தேன். அவரும் "அடுத்த மாசம் பார்க்கலாமுங்க நர்ஸம்மா" என்று நழுவிக்கொண்டிருந்தார். சில வருஷங்களுக்கு முன் எங்கேயோ ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள் என்ற பேச்சு மலைவரை ஏறி வந்திருந்தது. அந்தப் பயம் அவருக்கு.

அன்றைக்கு அவர் வாசலில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டைக்குப் பக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பை என் மடியில். நான் கற்றுக்கொண்ட அத்தனை நயத்தோடும் பேசினேன். "பயப்பட ஒண்ணுமே இல்லைங்க. சின்னதா ஒரு வெட்டு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் குனிந்தேன். முழங்கை பையில் பட்டது. டடக். துணிப் பையைப் பொத்துக்கொண்டு ஒரு சாண் அலகு வெளியே வந்து, நேராக அவர் இடுப்புக்குக் கீழே குறிபார்த்து நின்றது.

அவர் அலறவில்லை, எழுந்துகொண்டதாகவும் எனக்கு நினைவில்லை. அடுத்த கணம் வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிச் செடிகள் ஆடின, வேலியில் அவர் வேட்டி தொங்கியது. அவர் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கத்தியைப் பார்த்தேன். எனக்கு வந்த சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும், அடக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் என்னைக் கவிழ்த்தது.

நான் நடந்து ஊர் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் சேர்ந்துவிட்டது. நர்ஸம்மா இனிமேல் ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூப்பிட மாட்டாளாம், கையோடு ஆபரேஷனை முடித்துவிடுவாளாம், முடித்துவிட்டுச் சிரிக்கிறாளாம். நாளுக்கு நாள் கத்தி வளர்ந்தது. ஒரு மாதத்தில் முழங்கை நீளம் வந்துவிட்டது. நான் போகும் பாதையில் ஆண்கள் மறைந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மலை அமைதியாக இருந்தது. ஆனால் பெண்களும் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். தடுப்பூசி நாளில் நாற்பது குழந்தைகள் வருகிற இடத்தில் மூன்று வந்தன. அன்று மதியம் ஊசிகளை அப்படியே திரும்பக் கட்டி வைத்தேன்.

சுகாதார நிலையத்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர், கத்தவில்லை. "ஜனங்க உள்ளே விடலைன்னா நர்ஸ் இருந்து என்னம்மா பிரயோஜனம்? இன்னும் ரெண்டு மாசம் பார்ப்பேன். அப்புறம் நானே மாற்றலுக்கு எழுத வேண்டியிருக்கும்" என்றார். கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதற்காகவே அவரை அடித்திருக்கலாம்.

பட்டன் கத்தியைத் துணி சுற்றி அவரிடமே கொடுத்தேன். மூன்றாவதை நானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்து சேலம் கடைவீதிக்குப் போனேன். துணைக்குக் கணவரும் வந்தார், பேசக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவரிடமே கேட்டார். "ஏனுங்க, அம்மாவுக்குக் காய் அரியறதுக்குங்களா?"

"இல்லீங்க, ஆளுங்களை அறுக்கறதுக்கு" என்றேன். அப்புறம் என்னிடமே பேசினார்.

ஒரு மணி நேரம் அவரை வாட்டினேன். கரண்டி, முள்கரண்டி, பாட்டில் திறப்பான் எல்லாம் மடங்கி உள்ளே இருக்கும் சீமைக் கத்தி ஒன்றை எடுத்து வைத்தார். செங்கல் கனம். சமையல்கட்டையே இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறுவானேன்? அலகு ஒன்று போதும், என் நடுவிரல் நீளம் போதும். திறக்க நகம் கொள்கிற பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும், என் நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். திறந்தபின் விரல் மேல் மடங்கக்கூடாது, பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடக்கக்கூடாது. பளபளக்கும் எவர்சில்வர் அலகு வேண்டாம் என்றேன். கொய்யாக் கறை பட்டால் கறுக்கிற பச்சை இரும்புதான் சாதாரணக் கல்லில் தீட்டினாலே கூர் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, நுனி கூராக இருக்கக்கூடாது, வட்டமாக வளைந்து முடிய வேண்டும். பையைப் பொத்துக்கொண்டு யாரையும் அது எட்டிப் பார்க்கக்கூடாது. கடைசியில் கொம்புப் பிடி போட்ட, கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளப் பிடி நுனியில் ஓட்டை உள்ள ஒன்று அகப்பட்டது.

கடைக்காரர் அதை என் கையில் தராமல் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான். என் மாமியார் அரிவாள்மனையைக்கூடத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளிவிடுவார், அப்படியும் சண்டை வந்தது. நான் நர்ஸ் பள்ளிக்கூடத்தில் பழகியது நேர் எதிர். கையை நீட்டினால் கத்தரி உள்ளங்கையில் வந்து விழ வேண்டும். கணவர் அவர் அம்மா பிள்ளை. கண்ணாடியிலிருந்து கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கண்ணாடியிலேயே வைத்தார்.

கத்தி நல்ல கத்திதான். ஆனால் கதவுகள் திறக்கவில்லை. டாக்டர் கொடுத்த இரண்டு மாதத்தில் ஏழு வாரம் ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பஸ் ஏற்ற நடந்துகொண்டிருந்தோம். அவர் என் கத்தியால் ஆரஞ்சு உரித்துக்கொண்டே வந்தார், மனு சட்டைப் பையில். பாதையோரத்தில் ஒரே கூச்சல். அந்த ஆறு பிள்ளைக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்ட ஏறியவரைத் தேனீக்கள் கொட்டியிருந்தன, எல்லாம் வலது கையில். கை முழங்கைவரை வீங்கியிருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்பு நைலான் கயிறு சதைக்குள் புதைந்து, அதற்குக் கீழே விரல்கள் நீலம் பாய்ந்துகொண்டிருந்தன. ஒருவர் கொடுவாளை நுழைக்கப் பார்த்தார். கயிறு அறுவதற்கு முன் கை போயிருக்கும்.

"எப்பக் கட்டின கயிறு?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களைக் கண்டு பயந்துட்டாருன்னு மந்திரிச்சுக் கட்டினதுங்க. எந்த ஆயுதமும் கிட்ட வரக்கூடாதுன்னு."

சிரிப்பு எனக்குத் தொண்டைவரை வந்தது. இந்தத் தடவை விழுங்கினேன். மண்டியிட்டு அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணவர் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை நீட்டி, "கத்தி" என்றேன்.

கையில் ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்தால், அந்த மகானுபாவர் கத்தியை எனக்கு ஒரு கஜம் தள்ளி மண்ணில் பவ்வியமாக வைத்துவிட்டு நிற்கிறார்.

என் வாயில் அன்று என்ன வந்தது என்று எழுத மாட்டேன். புருஷனை அப்படிப் பேசக்கூடாது, ஊர் முன்னால் சத்தியமாகப் பேசக்கூடாது. அவர் வெளிறிப்போய்க் கத்தியை எடுத்தார், சட்டையில் துடைத்தார், நேராக என் கைக்குள் அழுத்தினார்.

ஆறு பிள்ளைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வட்ட நுனியைத் தோலோடு ஒட்டிக் கயிற்றுக்கு அடியில் விட்டு, அலகை வெளிப்புறமாகத் திருப்பி ஓர் இழு. கயிறு பட்டென்று தெறித்தது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கையை உயரத் தூக்கிப் பிடித்து, கொடுக்குகளைக் கத்தி முதுகால் வழித்து எடுத்துக்கொண்டிருந்தபோது விரல்களில் மெல்லச் சிவப்பு ஏறியது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என் கையைப் பார்த்தார்.

"இத்துனூண்டு கத்திங்களா நர்ஸம்மா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் மனைவி எல்லோரையும்விடச் சத்தமாக. இரண்டரை மாதமாக அந்த ஊரில் யாரும் என் முன்னால் சிரிக்கவில்லை.

கணவர் பஸ்ஸை விட்டுவிட்டார். சாயங்காலம் முழுக்கப் பேசவில்லை. காலை முதல் பஸ்ஸில் போகும்போதும் பேசவில்லை. ஊர் முன்னால் அவரைத் திட்டியது எனக்கு உறுத்தியது, ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தப் புதன்கிழமை தடுப்பூசிக்கு முப்பத்தியெட்டு குழந்தைகள் வந்தன. அவற்றில் ஆறு, அந்த ஆறு பிள்ளைக்காரருடையவை. டாக்டர் மாற்றல் பேச்சையே எடுக்கவில்லை. கணவர் மட்டும் இரண்டு சனிக்கிழமை வரவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை வந்தார். உட்காரக்கூட இல்லை, சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "இன்னுமாங்க?" என்றேன்.

"படிச்சுட்டுக் கத்து."

அதே முத்து முத்தான எழுத்து. அவர் அலுவலகத்தின் ஏற்காட்டுக் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தது. அடியில் கையெழுத்தும் ஏற்கெனவே போட்டிருந்தது, அவருடையது.

"அத்தைகிட்டச் சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லியாச்சு. மூணு நாளா எனக்குச் சோறு போடலை."

அவருக்குத் தட்டை வைத்துச் சோறு போட்டேன். ரசம் எடுக்கிற சாக்கில் உள்ளே போய், அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, சத்தம் வராமல் அழுதேன்.