அக்காவுக்குத் தெரியாமல் போட்ட மாத்திரை

என் தம்பியை நினைத்தால் முதலில் கோபம்தான் வரும். பாசமெல்லாம் அப்புறம். இருபத்திரண்டு வருஷமாக ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். அவன் உட்காரும் பக்கத்து சீட்டில் ஸ்டியரிங் கிடையாது, காலடியில் ஒரு பிரேக் மட்டும் உண்டு. அதனால் எல்லோருக்கும் அவன் 'பிரேக் மாஸ்டர்'. பகலெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஆறு மணிக்குக் கார் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்றாவது மாடியில் இருக்கும் ஒற்றை அறைக்குப் போனால், மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. ஏன்டா கல்யாணம் பண்ணிக்கவில்லை என்று கேட்டால், "பக்கத்து சீட்ல உக்காந்து உக்காந்து பழகிடுச்சு, விடுக்கா" என்று மழுப்புவான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஈரலில் புற்றுநோய். ஒரு சொட்டு மது தொடாதவன். எப்போதோ ரத்தத்தில் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி சத்தமில்லாமல் ஈரலைக் கெடுத்திருக்கிறது. பார்க்க வந்ததுகள் எல்லாம் "ரொம்பக் குடிப்பாரோ?" என்று என்னிடம் கிசுகிசுத்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேருக்குக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். என் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி அவனுக்கு வைத்தார்கள். எனக்கு மூன்று மாதத்தில் திரும்ப வளர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு மாத்திரை. அவன் உடம்புக்கு என் ஈரல் அந்நியம். அதை அடித்து விரட்டாமல் உடம்பை அடக்கி வைக்கிற மாத்திரை. காலை எட்டு மணி, இரவு எட்டு மணி. "ஒரு வேளை தவறினாலும் ஈரல் போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் ஓதி ஓதி அனுப்பினார்கள். பாடம் நடந்துகொண்டிருந்தாலும் எட்டு மணிக்கு வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, போட்டுக்கொண்டுதான் மறு வேலை பார்ப்பான். நான்கு வருஷத்தில் ஒரு வேளை தவறியதில்லை.

போன மாதம் பயிற்சிப் பள்ளி நடத்தும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பதறாதீங்கக்கா, மாஸ்டருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அவரோட காலை நீங்க வந்து பாக்கணும்" என்றாள். நடந்தது இதுதான். ரிடையரான கணக்கு டீச்சர் ஒருவர் திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டார். அது தினமும் நடக்கிற கூத்து. ஆனால் அன்றைக்கு என் தம்பி தன் பிரேக்கை நேரத்துக்கு மிதிக்கவில்லை. கார் கம்பத்தில் முட்டி விளக்கு உடைந்தது. ஷூவைக் கழற்றிப் பார்த்தால், சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், சில இடத்தில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"என்னடா இது?"

"புது ஷூ கடிச்சிடுச்சுக்கா." குரல் கரகரவென்று கட்டிப்போயிருந்தது.

"ஷூ கையையுமா கடிச்சுது?"

கையை இழுத்துப் போர்வைக்குள் விட்டுக்கொண்டான். அலமாரியில் இரண்டு மாத்திரை டப்பா. ஒன்று எனக்குத் தெரிந்தது. இன்னொன்றை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். அப்புறம்தான் வாய் திறந்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில், பழைய ஈரல் புற்றுநோய் நுரையீரலில் புள்ளி புள்ளியாகத் திரும்ப வந்திருக்கிறது. அதற்குத்தான் இந்த இரண்டாவது மாத்திரை. அதைப் போட்டால் வயிறு போகும், குரல் கட்டும், கையும் காலும் இப்படி வெந்துபோகும். தொண்டை கட்டினால் மாணவர்களிடம் சளி என்பானாம். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுவானாம், மூன்று இடத்தில் உட்கார்ந்து. ஆஸ்பத்திரி அட்டையில் 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் அவன் கையெழுத்திலேயே 'யாரும் இல்லை' என்று இருந்தது. என்னிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் "எல்லாம் நார்மல்க்கா" என்றான். நானும் மடச்சி மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

"கூடப் பொறந்தவ நான் எதுக்குடா இருக்கேன்? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது? வயித்தைக் கிழிச்சுக் குடுத்த. நாலு வருஷத்துல இப்படி ஆயிடுச்சு." அப்புறம் அவசரமாகச் சொன்னான். "ஆனா ஈரல்ல ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு ஸ்கேன்லயும் கேட்டுட்டேன். உன்னது சுத்தமா இருக்கு."

இரவல் வாங்கிய பாத்திரத்தைத் தேய்த்துக் காட்டுகிற மாதிரி சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வாயில் வந்தபடி திட்டினேன்.

மறுநாள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் நர்ஸ் அவன் காலைப் பார்த்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"கொப்புளம் வந்தா அன்னைக்கே போன் பண்ணுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஐயோ சார், அது ஈரலைக் காப்பாத்துற மாத்திரை! இது வேற. இதுல புண்ணு வந்தா நிறுத்தி ஆறவிட்டு, குறைச்சு ஆரம்பிப்போம். எத்தனை நாளா நடக்கிறீங்க இதோட?"

"ஆறு வாரம்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்தினால் அக்கா கொடுத்தது போய்விடும் என்று நான்கு வருஷமாக ஊறிப்போன பயம் அவனுக்கு. எந்த மாத்திரைக்கு என்று அந்தப் பயம் பிரித்துப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் நிறுத்தி, அப்புறம் பாதி அளவு என்று டாக்டர் எழுதினார். இந்த மாத்திரை குணமாக்குமா என்று கேட்டேன். "குணமாக்காதும்மா. வளரவிடாம பிடிச்சு வைக்கும். சிலருக்கு சில மாசம், சிலருக்கு அதுக்கும் மேல" என்றார். உடம்பின் எதிர்ப்பு சக்தியையே எழுப்பிவிடுகிற ஊசி ஒன்று இருக்கிறதாமே என்றேன். "இருக்கு. ஆனா எழுப்பிவிட்டா உடம்பு கட்டியை மட்டும் அடிக்காது, நீங்க குடுத்த ஈரலையும் அடிக்கலாம். அடிச்சா உயிருக்கே ஆபத்து. இவருக்கு முதல்ல மாத்திரையே போதும்."

"குடுத்தவ நான் சொல்றேன் டாக்டர். ஊசியே போடுங்க."

"வேண்டாம்" என்றான் என் தம்பி. அந்தக் கட்டின குரலில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ. "அதைப் பணயம் வைக்க மாட்டேன்."

வராந்தாவில் வைத்து நான் கத்தினேன். யார் பார்த்தால் எனக்கென்ன. "யாருக்காகடா அதைக் கட்டிக் காக்குற? எனக்கா? எனக்கு நீ வேணும்டா. அந்தச் சதையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அவன் விரல் நுனி எரிகிறது என்று முழங்கையால் லிஃப்ட் பட்டனை அழுத்தினான்.

மூன்றாம் நாள் காலையில் நான் கிளம்ப வேண்டும். லீவு முடிந்துவிட்டது, வேலை செய்கிற துணிக்கடையிலிருந்து ஏற்கனவே இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்கள். துணியை மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். அவன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முகத்தைத் திருப்பவில்லை.

"இன்னைக்கே போகணுமாக்கா?"

ஈரலைக்கூட அவன் கேட்டு நான் கொடுக்கவில்லை. நானாகப் போய்க் கையெழுத்துப் போட்டேன். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

பையைக் கீழே வைத்துவிட்டு, கடைக்குப் போன் போட்டேன்.